ஹேவ்லாக்கில் எந்த ரீஃபில் இறங்குவது? மலையிலிருந்து போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

பச்சைத்தேயிலை | கோத்தகிரி | நவம்பர் 14, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் உறைபனி விழ ஆரம்பித்தால் இலை வரத்து பாதியாகிவிடும், கொஞ்சம் மூச்சு விடலாம். ஏப்ரல் வந்துவிட்டால் இரண்டு அறை ஹோம்ஸ்டேயை விட்டு நகர முடியாது. பூக்கண்காட்சி முடியும்வரை சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் மொய் மட்டும்தான் போகும். ஆக, வருஷத்தில் எனக்கு வாய்ப்பது பிப்ரவரி ஒன்றுதான்.

இந்த முறை அந்தமான். ஹேவ்லாக் தீவில் ஐந்து இரவு, சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் ரீஃப் (பவளத்திட்டு) பார்க்கும் டைவிங். பிப்ரவரி 1 தைப்பூசம், அதை ஒட்டிப் போய்வரலாம் என்று நினைப்பு. நான்கு பேர் போகிறோம். மகள் போன வருஷம் பாண்டிச்சேரியில் ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் கோர்ஸ் முடித்தாள். மச்சினன் அதற்கடுத்த அட்வான்ஸ்டு வரை போனவன். எனக்குப் பைக்காராவில் படகு விட்ட அனுபவம் மட்டும். மனைவிக்கு நீச்சல் தெரியாது, ஆனால் தண்ணீரைக் கண்டு பயமும் கிடையாது. அதுதான் என் பயம்.

மச்சினன் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறான்: டிக்சன்ஸ் பினாக்கிள், ஜானிஸ் கார்ஜ், ஜாக்சன்ஸ் பார், மினர்வா லெட்ஜ், முடிந்தால் பேரன் (Barren) தீவு. "இதுதான் டாப், மற்றதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு" என்கிறான். நால்வருக்கும் எது சரிப்படும்?

கேத்திகேரட் | கேத்தி, இப்போது பெங்களூரு | நவம்பர் 14, இரவு 10.05

மச்சினன் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மச்சினன் தனக்காகப் போட்ட பட்டியல்.

ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கு 18 மீட்டர் எல்லை. டிக்சன்ஸ் பினாக்கிள் என்பது கடலுக்கடியில் நிற்கும் பாறைக் குன்றுகள், அவற்றின் உச்சியே ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் தொடங்குகிறது. உங்கள் மகளை அங்கே கூட்டிப்போவது, தொட்டபெட்டாவில் டிக்கெட் எடுத்து டெலஸ்கோப்பில் மேகத்தைப் பார்த்துவிட்டு இறங்குவது மாதிரி. படகில் போக மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்லட்டியின் 36 வளைவில் பாலித்தீன் பை கேட்கிற ஆள் யாராவது வீட்டில் இருந்தால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளவும்.

ஆழம் கூடக்கூடக் காற்றும் சீக்கிரம் தீரும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 30 மீட்டரில் நான்கு மடங்கு. ஒரே சிலிண்டர், 10 மீட்டரில் 50 நிமிஷம் வந்தால் 30 மீட்டரில் 25. அதற்கும் முன்பே, எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று சொல்லும் டைவ் டேபிள் விரட்டும்: 30 மீட்டரில் 20 நிமிஷம், 18 மீட்டரில் 56, 12 மீட்டரில் 147. நிறமும் போய்விடும். சிவப்பு முதல் சில மீட்டர்களிலேயே மங்கிவிடும், டார்ச் அடித்தால்தான் திரும்ப வரும். இன்ஸ்டாகிராமில் பார்க்கிற ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் கேமரா விளக்கின் கைவண்ணம். சூரிய வெளிச்சத்திலேயே பவளத்தின் நிறம் பார்க்க வேண்டும் என்றால் 5 முதல் 12 மீட்டர்தான். 

என் ஓட்டு: லைட்ஹவுஸ், அக்வாரியம், தி வால். முதல் இரண்டும் 5 மீட்டரில் ஆரம்பித்து 18, 20 வரை சரிவாக இறங்கும். மகள், மச்சினன் இருவரும் ஒரே இடத்தில் அவரவர் ஆழத்தில் பார்க்கலாம். வால் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேல்விளிம்பு 10 மீட்டர் அளவில், அப்புறம் சுவர் கீழே போய்க்கொண்டே இருக்கும். மச்சினன் கீழே பார்த்துப் பெருமூச்சு விடட்டும்.

உங்களுக்கும் அக்காவுக்கும் ட்ரை டைவ். சான்றிதழ் வேண்டாம், நீச்சலும் கேட்கமாட்டார்கள், பயிற்சியாளர் பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டே வருவார், 12 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பீச் நம்பர் 2-இல் நீமோ ரீஃப் என்று ஒன்று இருக்கிறது, கரையிலிருந்தே இறங்கலாம். ஒரே நிபந்தனை, காலையில் முதல் ஆளாகப் போங்கள். பத்து மணிக்கு மேல் கமர்ஷியல் ரோட்டில் சீசன் ஞாயிற்றுக்கிழமை மாதிரி இருக்கும், கலக்கிவிட்ட மணலில் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது.

30மீட்டர் | கோவை | நவம்பர் 14, இரவு 11.40

மாமா, இங்கேயே வந்து கேட்டுவிட்டீர்களா. சரி, நான்தான் அந்த மச்சினன்.

கேரட் சார், கணக்கெல்லாம் சரி. ஆனால் ஜானிஸ் கார்ஜில் சீலா மீன் கூட்டம் சுற்றிச் சுழன்று நம்மை வளைத்துக்கொள்ளும்போது யாருக்கும் நிறம் ஞாபகம் வராது. வெள்ளைமுனைச் சுறா மணலில் படுத்திருப்பதை லைட்ஹவுஸில் எங்கே பார்ப்பது? அந்தமான் வரை போய் 8 மீட்டரில் நீமோவைப் பார்த்துவிட்டு வருவதற்கு மீன்தொட்டி வாங்கி வைக்கலாம்.

வெளுத்தபவளம் | ஊட்டி | நவம்பர் 15, காலை 7.15

இரண்டு பேரும் ஆழத்தைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். இப்போது அங்கே உயிரோடு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே.

2010 கோடையில் அந்தமானில் பவளங்கள் பெரிய அளவில் வெளுத்தன, 2016-இல் மறுபடியும். உலக அளவிலான நான்காவது வெளுப்பு நடக்கிறது என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். பவளம் என்பது ஒரு சின்ன உயிரினம், அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. சாப்பாட்டில் பெரும்பங்கும் நிறமும் அந்தக் குடித்தனக்காரர் தருவதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெள்ளையாகும். உடனே சாகாது. தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லையென்றால் எலும்புக்கூடு மட்டும் நிற்கும், அதன்மேல் வேறு பாசி படரும்.

கேரட் சொல்லும் ஆழமில்லாத ரீஃப்தான் பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது. வெயிலும் சூடும் அங்கேதான் அதிகம். இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊட்டியில் தலைக்குந்தா பைன் காட்டில் இறங்கி "ஆகா இயற்கை" என்று படம் எடுக்கிற கூட்டத்தைப் பாருங்கள். நட்டு வளர்த்த வெளிநாட்டு மரம், அடியில் ஊசிச் சருகைத் தவிர வேறொன்றும் பெரிதாக முளைக்காது. சோலையைப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ரீஃபும் அப்படித்தான். செத்த பவளத்தின் மேலும் மீன் நீந்தும், முதல்முறை இறங்குகிறவருக்கு அதுவே சொர்க்கமாகத் தெரியும். டைவ் சென்டரிடம் "நல்ல ஸ்பாட் எது" என்று கேட்காதீர்கள், எல்லாமே நல்ல ஸ்பாட் என்பார்கள். போன மாதம் எடுத்த, நிறம் கூட்டாத வீடியோ கேளுங்கள். மான்கொம்புப் பவளம் நிமிர்ந்து நிற்கிறதா, ஒடிந்த குச்சிக் குவியலாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை அளவில் இளம் பவளத் தட்டுகள் தெரிந்தால் அந்த ரீஃப் மீண்டு வருகிறது என்று அர்த்தம். கிளிமீன்கள் நிறைய மேய்ந்தால் இன்னும் நல்லது, பாசியைச் சுரண்டித் தின்று இளம் பவளம் ஒட்ட இடம் செய்து தருவது அவைதான்.

பிப்ரவரி நல்ல தேர்வு. தண்ணீர் சூடேறுவது ஏப்ரல், மேயில்.

கேத்திகேரட் | நவம்பர் 15, காலை 8.30

ஒப்புக்கொள்கிறேன். நான் லைட்ஹவுஸ் சொன்னதற்கு அங்கே மென்பவளம் நிறைய இருந்ததும் ஒரு காரணம். இரண்டு வருஷம் முன்பு பார்த்தது. இப்போது எப்படி என்று வீடியோ கேட்டே ஆக வேண்டும்.

முத்துநகர்மருமகள் | கொடைக்கானல் | நவம்பர் 15, மதியம் 2.10

அண்ணா, தேதியைப் பார்த்ததும் பதறிவிட்டது. தைப்பூசம் என்றாலே பௌர்ணமிதானே!

எனக்குப் பிறந்த வீடு தூத்துக்குடி. அப்பா சங்கு குளித்தவர். நீங்கள் ரீஃப் என்பதை எங்கள் பக்கம் பார் என்போம், ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருக்கும். எந்தப் பாரில் இறங்குவது என்பதை அப்பா கடைசியாகத்தான் முடிவு செய்வார். முதலில் பிறை, அப்புறம் காற்று, அப்புறம் நீவாடு. நீவாடு என்றால் நீரோட்டம்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறுவதும் வற்றுவதும் அதிகம். ஆறு மணி நேரத்துக்குள் அவ்வளவு தண்ணீரும் இடம் மாற வேண்டும் என்றால் ஓட்டம் இழுக்கத்தான் செய்யும், அடிமண்ணும் கலங்கும். அஷ்டமிக்கு அடுத்த இரண்டு மூன்று நாள் கடல் சோம்பலாக இருக்கும். தெளிவும் கிடைக்கும், புதிதாக இறங்குகிறவர்கள் கையைக் காலை உதறாமல் மிதக்கவும் முடியும். காலண்டரைப் பார்த்தேன், பிப்ரவரி 9 தேய்பிறை அஷ்டமி. 10, 11, 12 மூன்று நாளும் டைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், 15-ஆம் தேதி சிவராத்திரிக்கு வீட்டில் இருக்கலாம். அஷ்டமி, நவமியில் நம் ஆட்கள் கிளம்பமாட்டார்கள், டிக்கெட்டும் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம்.

ஒன்று மட்டும் இதற்கு நேர் எதிர். நீல் தீவில் கல்பாலம் பார்க்கப் போனால் அங்கே கடல் நன்றாக வற்றியிருக்க வேண்டும், அப்போதுதான் பவளத்திட்டின் ஓரமாக நடந்து குட்டைகளில் கடல் அட்டை, நண்டு, சின்ன மீன்கள் பார்க்கலாம். அதற்கு அமாவாசை, பௌர்ணமிதான் நல்லது. இரண்டையும் ஒரே பயணத்தில் எதிர்பார்க்காதீர்கள்.

30மீட்டர் | நவம்பர் 15, மாலை 6.00

அக்கா, நீரோட்டம் இருந்தால்தானே பினாக்கிளில் மீன் கூடும்? ஓட்டம் கொண்டுவரும் இரைக்காகத்தான் பாரையும் சீலாவும் அங்கே வந்து நிற்கின்றன.

முத்துநகர்மருமகள் | நவம்பர் 15, மாலை 6.25

உண்மைதான் தம்பி. மீன் இருக்கும், நீங்கள் அங்கே இருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொடி மாதிரி படபடத்துவிட்டு 15 நிமிஷத்தில் காற்று தீர்ந்து ஏறியவர்களை அப்பா நிறையப் பார்த்திருக்கிறார். அட்டமியில் கடல் செத்துப்போவதில்லை, உங்களுக்கு வேண்டிய அளவு ஓட்டம் அப்போதும் இருக்கும்.

கூடலூர்க்காரன் | பந்தலூர் | நவம்பர் 15, இரவு 9.50

அந்தமான் அந்தமான் என்கிறீர்கள், பக்கத்தில் திருகோணமலை இருப்பதை யாரும் சொல்லவில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து புறாத்தீவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், 2003 முதல் தேசியப் பூங்கா. சும்மா முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மிதந்தாலே போதும், கரும்முனைச் சுறாக் குட்டிகள் இடுப்பளவுத் தண்ணீரில் போகும். ஆனால் அங்கே சீசன் மே முதல் செப்டம்பர். பிப்ரவரியில் கிழக்குக்கரை அவ்வளவு சரியில்லை, ஹிக்கடுவைப் பக்கம்தான் போக வேண்டும். மட்டக்களப்புக்கு வெளியே 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்கு டைவுக்கு 40 தான் எல்லை என்பதால் 30மீட்டர் தம்பிக்கும் அது கனவுதான்.

அந்தமான் என்றதும் எனக்கு வேறு ஞாபகம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்தவர்களில் எங்கள் குடும்பம் டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தது. பாட்டியின் தங்கை குடும்பத்தை நிக்கோபாரில் கச்சால் தீவுக்கு, ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். 2004 சுனாமி கச்சாலை எப்படி அடித்தது என்று உங்களுக்கே தெரியும். அந்தத் தீவைச் சுற்றியும் பவளம் இருக்கிறதாம். பெர்மிட் இல்லாமல் யாரும் போக முடியாது, போனாலும் நான் அங்கே கடலில் இறங்குவேனா தெரியவில்லை.

நிர்வாகி | நவம்பர் 15, இரவு 10.30

கச்சால் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் மலையகம் பகுதியில் தனி இழை தொடங்கலாம், வாசிக்க நானும் வருவேன். இங்கே டைவ்.

பெருமாள்மலை | கொடைக்கானல் | நவம்பர் 16, காலை 6.40

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு நடந்தது.

மூன்று வருஷம் முன்பு ராமநாதபுரம் பக்கத்தில் ஒரு இடத்தில் இரண்டு நாள், ஐந்து டைவ். கடைசி டைவ் முடிந்து மதியம் ஒரு மணிக்குக் காரில் ஏறினேன். மதுரையில் பரோட்டா, வத்தலக்குண்டில் டீ, இரவு ஒன்பதரைக்கு எங்கள் ஊர் ஏறிவிட்டேன். வீட்டு வாசலில் இறங்கும்போது இடது தோளில் பல்வலி மாதிரி ஒரு வலி. ஸ்டியரிங் பிடித்த வலி என்று தைலம் தேய்த்தேன். பதினொரு மணிக்கு முழங்கையும் சேர்ந்துகொண்டது, தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. அப்போதுதான் கோர்ஸில் படித்தது ஞாபகம் வந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குத் திரும்ப இறங்கினேன். வத்தலக்குண்டு தாண்டும்போதே வலி பாதியானது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இது டைவர்களுக்கு வருவது என்று நானே விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

டைவ் நடத்தியவர்கள் "ஃப்ளைட் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டார்கள். இல்லை என்றேன். வீடு எங்கே என்று கேட்கவில்லை.

காதுமூக்குதொண்டை | குன்னூர் | நவம்பர் 16, காலை 10.15

பெருமாள்மலை சார், மீண்டு வந்தீர்களே, அதுவே பெரிது. நான் 30 வருஷம் காது பார்த்தவள், டைவிங் தெரிந்தது என் மகன் வழியாக. இந்த இழையில் எல்லோரும் படிக்க வேண்டியது உங்கள் பதிவைத்தான்.

ஆழத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பில் கரைகிறது. மேலே வந்தபின் மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். அது முடிவதற்குள் அழுத்தம் இன்னும் குறைந்த இடத்துக்குப் போனால் சோடா பாட்டிலைத் திறந்த கதை. அதனால்தான் ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்கிறார்கள். அதுவும் குறைந்தபட்சம்தான். விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டி 2,240. கொடைக்கானல் 2,100-க்கு மேல். குன்னூர் 1,850, கோத்தகிரி 1,800-ஐ ஒட்டி. அதாவது நம் வீடு இருப்பதே விமானத்துக்குள். ராமேஸ்வரத்திலிருந்தோ பாண்டியிலிருந்தோ காரில் வருகிறவர்களுக்கும் அதே விதிதான். நான் 24 மணி நேரம் என்றே சொல்வேன். கூடலூர்க்காரர் சொன்ன திருகோணமலையிலிருந்து நேரே நுவரெலியா ஏறுகிறவர்களுக்கும்தான், அது 1,868 மீட்டர்.

அப்புறம் காது. கீழே இறங்கும்போது பர்லியார் தாண்டிக் கல்லாறு வருவதற்குள் காது அடைத்து "பொட்" என்று திறக்கும் அல்லவா, அதே வேலைதான் கடலிலும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இறங்குவதில் கூடும் அழுத்தம் முழுவதும் சேர்ந்து வெறும் இரண்டு மீட்டர் தண்ணீருக்குத்தான் சமம். ஒன்றரை மணி நேரத்தில் காட் ரோட்டில் இறங்குவதை நீங்கள் அங்கே பத்து வினாடியில் இறங்குகிறீர்கள். ஆகவே மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுவதை ஒவ்வொரு மீட்டருக்கும், வலி வருவதற்கு முன்பே செய்யுங்கள். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி. திறக்கவில்லையா, அன்றைக்கு டைவ் இல்லை. கொடுத்த காசைப் பார்த்து அழுத்தி ஊதிச் செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்கள் எனக்குத் தெரியும்.

பனிக்காலத்தில் நம் பக்கம் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், ஆழத்தில் அதன் வேகம் தீர்ந்தால் ஏறும்போது காற்று மாட்டிக்கொள்ளும். ஆஸ்துமா இருந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதுங்கள்.

பச்சைத்தேயிலை | நவம்பர் 16, இரவு 8.45

அம்மா, உங்கள் பதிவை பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது. மலையில் இருப்பதே ஒரு மருத்துவக் காரணமாகும் என்று நினைத்ததில்லை.

சரி, திட்டத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன். பிப்ரவரி 14 காலை திரும்பும் விமானம். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, கடைசி டைவ் 12-ஆம் தேதி காலை. 13-ஆம் தேதி படகில் போர்ட் பிளேர் (ஸ்ரீ விஜய புரம் என்று 2024-இல் பெயர் மாறியிருக்கிறது, ஹேவ்லாக்கும் 2018 முதல் சுவராஜ் தீவு, பேச்சில் எதுவும் மாறவில்லை). 10, 11, 12 மூன்று நாளும் முத்துநகர் அம்மா சொன்னபடி. ஸ்பாட் எது என்று கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீடியோ வரட்டும்.

பேரன் தீவு பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?

வெளுத்தபவளம் | நவம்பர் 16, இரவு 9.30

இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை, போர்ட் பிளேரிலிருந்து 135 கி.மீ. அளவில். கரையில் இறங்க விடமாட்டார்கள். கறுப்பு எரிமலை மணல் சரிவில் பவளம் ஏறி வருவதைப் பார்க்கலாம், ஆனைத்திருக்கையும் வரும். நான் பார்த்ததிலேயே என்னை அசைத்துப்போட்ட இடம் அது. ஆனால் படகிலேயே தங்கி டைவ் செய்கிற பயணம், அனுபவசாலிகளுக்கானது. மச்சினன் தனியாக இன்னொரு வருஷம் போகட்டும்.

கேத்திகேரட் | நவம்பர் 17, காலை 9.00

ஒரு சின்ன விஷயம். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டைக்கூட எடுக்காதீர்கள். ரீஃப் கட்டும் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில். ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள்.

பச்சைத்தேயிலை | கோத்தகிரி | பிப்ரவரி 17, இரவு 9.10

போய்வந்தாயிற்று. சொன்னவர்களுக்குச் சொல்ல வேண்டியது கடமை.

மூன்று சென்டரிடம் போன மாத வீடியோ கேட்டேன். ஒருவர் விளம்பரப் படத்தையே திரும்ப அனுப்பினார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் "அக்வாரியத்தில் மேல்பகுதி நிறைய உடைந்து கிடக்கிறது, 9 மீட்டருக்குக் கீழே நன்றாக இருக்கிறது, லைட்ஹவுஸ் பரவாயில்லை" என்று எழுதி, கொஞ்சம் மங்கலான வீடியோவும் அனுப்பினார். அவரிடமே போனோம்.

முதல் நாள் எனக்குச் சரியாக அமையவில்லை. சென்னை ஓட்டல் ஏசியில் மூக்கு அடைத்து, நீமோ ரீஃபில் நான்கு மீட்டரில் காது திறக்கவேயில்லை. பயிற்சியாளர் பார்வையிலேயே "இன்னும் ஒரு முறை?" என்றார். டாக்டரம்மா ஃப்ரிட்ஜிலிருந்து முறைத்தது ஞாபகம் வந்தது, கையை ஆட்டிவிட்டு ஏறிவிட்டேன். கரையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டே பார்க்கிறேன், காலை ஆறே முக்காலுக்கு நீச்சல் தெரியாத என் மனைவி 40 நிமிஷம் கழித்து வெளியே வருகிறாள். "கவாத்து பண்ணிவிட்ட தேயிலை மாதிரி மட்டமாக, தட்டுத் தட்டாக நிற்கிறது, அதற்கடியில் மீன் ஒதுங்கியிருக்கிறது" என்றாள். மேசைப் பவளமாம். இரண்டு நாள் கழித்து எனக்குக் காது திறந்தபின் நானும் பார்த்தேன், அவள் சொன்னது சரி. எங்கள் கவாத்தைவிட நேர்த்தி.

மகள் லைட்ஹவுஸில் இரண்டு டைவ், வாலில் ஒன்று. வாலில் மேல்விளிம்பு ஓரமாக 14 மீட்டரிலேயே சுற்றி, பெரிய களவா ஒன்றும் பொந்தில் அஞ்சாளையும் பார்த்திருக்கிறாள். "கீழே நீலம் முடியவே இல்லை, அப்பா" என்றாள், அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. லைட்ஹவுஸில் உடைந்த பவளக் குவியலும் நிறைய இருந்தது, அதன் மேலே உள்ளங்கை அளவு இளம் தட்டுகளை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். பதினேழு. வெளுத்தபவளம் சாருக்காக.

மச்சினனை 11-ஆம் தேதி தனியாக டிக்சன்ஸுக்கும் ஜானிஸுக்கும் அனுப்பினோம். மதியம் வந்தான், சாப்பிடவில்லை, பேசவில்லை. பாரை மீன் கூட்டம் சூரியனை மறைத்ததாம். மாலை ஆறு மணிக்குத்தான் வாய் திறந்தான், பிறகு தூங்கும்வரை மூடவில்லை. ஆகவே அவனுடைய பட்டியலும் சரிதான், எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுக்கு வரமாட்டான்.

கடைசி டைவ் 12-ஆம் தேதி காலை 10.40-க்கு முடிந்தது. விமானம் ஏறியபோது 45 மணி நேரம் ஆகியிருந்தது.

30மீட்டர் | பிப்ரவரி 17, இரவு 9.35

சூரியனை மறைத்தது உண்மை. வீடியோ இருக்கிறது.

முத்துநகர்மருமகள் | பிப்ரவரி 17, இரவு 9.50

12-ஆம் தேதி தெளிவு எப்படி இருந்தது அண்ணா?

பச்சைத்தேயிலை | பிப்ரவரி 17, இரவு 10.05

படகிலிருந்தே அடி தெரிந்தது அம்மா. படகுக்காரர் மாயாபந்தர்க்காரர், எதற்கு இந்தத் தேதியில் வந்தீர்கள் என்று கேட்டார். அஷ்டமி கணக்கைச் சொன்னேன். அவரும் பிறை பார்த்துத்தான் சொல்வாராம், பெயர்தான் வேறு.

கூடலூர்க்காரன் | பந்தலூர் | பிப்ரவரி 18, காலை 7.30

படித்ததும் ஆசை வந்துவிட்டது. ஜூலையில் புறாத்தீவு போகிறோம், இரண்டு நாள் டைவ். அட்டனில் மாமா வீட்டில் காதுகுத்தும் இருக்கிறது, அப்படியே நுவரெலியாவும் பார்த்துவிட்டு வரலாம்.

காதுமூக்குதொண்டை | குன்னூர் | பிப்ரவரி 18, காலை 7.42

எது முதலில்?

கூடலூர்க்காரன் | பிப்ரவரி 18, காலை 7.55

மாமாவிடம் பேசிவிட்டேன் டாக்டரம்மா. காதுகுத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள்.